வெள்ளைக் கொடிப் பாத்திகள்

கோயம்புத்தூர்
26.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கியதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாமாவும் சௌக்கியமா? கிளம்பும்போது உன் முகம் வெளுத்திருந்தது. கேட்டால் "வெயிலுடி" என்று ஒரே சொல்லில் வாயை மூடிவிட்டாய். மாசி மாதத்தில் என்ன பெரிய வெயில்?

தன் போனுக்குச் செய்தி அனுப்பினால் போதுமே, எதற்கு ஸ்டாம்பு ஒட்டுகிறாய் என்று மாமா கேலி செய்கிறார். அவர் படித்து, சிரித்து, நிலத்தில் வேலை பார்க்கும் தர்மன் அண்ணனுக்கும் சொல்லிவிட்டுத்தான் உன் கையில் கொடுப்பார். காய்ச்சலில் உன் காது போனதிலிருந்து நாம் காகிதத்தில்தான் பேசுகிறோம். அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். ஏனாத்தூர் நிலத்தில் பன்னிரண்டு பாத்தி கட்டிப் பருத்தி விதைத்திருக்கிறேன். சிவப்புக் கொடி நட்ட நான்குக்கும் பொட்டாஷ் உரம் முழு அளவு. மஞ்சள் கொடிக்குப் பாதி. வெள்ளைக் கொடி நட்ட நான்குக்கும் ஒன்றும் கிடையாது. மணல் கலந்த மண் என்பதால் மொத்தமாகப் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். முதல் தவணையை நான் இருந்து போட்டேன். மொட்டு வரும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று. அளந்து போடுவது தர்மன் அண்ணன். பக்கத்தில் நின்று பார்ப்பது நீ.

நான் கொடி நடும்போது, "நாலு பேரை உட்கார வெச்சு எலையை மட்டும் போட்டுட்டு சோறு போடாம போறியே, இது பந்தி வஞ்சனை இல்லையா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அக்கா, அந்த நான்கும் காலியாக இருந்தால்தான் மற்ற எட்டிலும் பொட்டாஷ் என்ன செய்தது என்று காட்ட முடியும். எனக்கு ஒரு முறை நீட்டிப்புக் கொடுத்தாயிற்று. இந்தப் போகம் கெட்டால் என் ஆராய்ச்சிப் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.  என் கண்ணாக நின்று பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனி.
உன் தேவி

---

ஏனாத்தூர்
14.3.2024

என் தங்கை தேவிப்ரியாவுக்கு,

உன் மாமா, நான், மாடு, மாட்டைவிடப் பிடிவாதமான தர்மன், எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் கால் வீக்கம் வடிந்ததா? பாத்தி முழுக்க முளைத்து எழுந்து நிற்கிறது. தர்மனுக்குத்தான் உன் கொடிகள் பிடிக்கவில்லை. அவன் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "இன்னாம்மா இது, கட்சி மாநாடு மாதிரி கொடி நட்டுட்டு போயிருக்குது பாப்பா" என்கிறான்.

நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். காலையில் மட்டும் முடிவதில்லை. சோறு வேகிற வாசனையே ஆகவில்லை. பித்தம் என்று நினைக்கிறேன். நீ ஒன்றும் பயப்படாதே.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வெள்ளைக் கொடிப் பாத்திகளுக்குச் சும்மா ஒரு கைப்பிடி போட்டால் என்ன? கணக்கில் காட்டாத அளவுக்குப் போதும். அடுப்புச் சாம்பலாவது தூவலாமா? பக்கத்துப் பாத்தி சாப்பிடுவதை அது பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா கமலவேணி

---

கோயம்புத்தூர்
20.3.2024

அன்புள்ள அக்கா,

உன் பித்தத்துக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடி. இங்கே நான் சுகம்தான், உன் கடிதத்தைப் படிக்கும்வரை சுகமாக இருந்தேன்.

கைப்பிடியும் கூடாது, சிட்டிகையும் கூடாது! சாம்பல் கூடவே கூடாது. சாம்பலிலும் அதே சத்துதான் இருக்கிறது. செடிக்குக் கண்ணும் கிடையாது, வயிறும் கிடையாது, பக்கத்துப் பாத்தியைப் பார்த்து ஏங்கவும் தெரியாது. நீ மாட்டைப் பார்க்கிற கண்ணோடு பருத்தியைப் பார்க்காதே.

பொட்டாஷ் எதற்கு என்று சொல்கிறேன். பஞ்சில் ஒவ்வொரு இழையும் முதலில் மெல்லிய குழாய் மாதிரிதான் இருக்கும். உள்ளே நீர் நிரம்பி அழுத்தினால்தான் அது நீளும். அந்த நீரை உள்ளே பிடித்து வைப்பது பொட்டாஷ். அது போதாவிட்டால் இழை குட்டையாகும், வலு இருக்காது. எவ்வளவு குறைகிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. அதற்கு நான்கு பாத்தி பட்டினி கிடந்தே ஆகவேண்டும்.

சத்தியம் செய்து எழுது. அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

உன் தேவி

---

ஏனாத்தூர்
29.4.2024

தேவிக்கு,

இங்கே யாவரும் நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

மொட்டுத் தவணையும் பூத் தவணையும் போட்டாயிற்று. நீ சொன்னபடி நுனியிலிருந்து நான்காவது இலையைக் காம்போடு பறித்து, பாத்திக்கு ஒரு காகித உறையாகக் கட்டி, உன் மாமா கூரியரில் அனுப்பியிருக்கிறார். எல்லாப் பாத்தியும் பச்சையாக இருக்கிறது.

இந்த வெயிலில் நீ வரவேண்டாம். நானும் வெளியே போவதில்லை.

கமலவேணி

---

கோயம்புத்தூர்
9.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலமாக இல்லை.

இலைச் சோதனை முடிவு வந்துவிட்டது. பன்னிரண்டு பாத்தியிலும் பொட்டாஷ் ஏறக்குறைய ஒரே அளவு. வெள்ளைக் கொடியிலும் அதே அளவு. சிவப்புக் கொடியில் இருக்கவேண்டியதைவிடக் குறைவு. என் ஆய்வு வழிகாட்டி மேடம் தாளை என் முன்னால் போட்டார். "நீ நேர்ல போயி பறிச்சியா தேவி, இல்ல ஒரே செடியில பறிச்சு பன்னெண்டு கவர்ல பிரிச்சுப் போட்டியா?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா பறித்து அனுப்பினாள் என்றேன். "அக்காவா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பொய்க்காரி என்று ஒரு முறை பெயர் வாங்கினால் இந்தத் துறையில் யாரும் என்னை வாசற்படி ஏற்றமாட்டார்கள்.

வெள்ளைக் கொடிப் பாத்தியில் யார் கை வைத்தது? தர்மன் அண்ணன் மூட்டையில் பாதியை வெளியே தள்ளிவிட்டு, மீதியைக் கணக்குக் காட்ட எல்லாவற்றிலும் வீசினாரா? இத்தனை வருஷம் நம் வீட்டில் சாப்பிட்டவர் இப்படிச் செய்வாரா? அவரைக் கூப்பிட்டு மாமா எதிரில் கேள். யாராக இருந்தாலும் நான் விடப்போவதில்லை. மேடத்தோடு நானே நேரில் வந்து விசாரிப்பேன்.

உடனே பதில் போடு அக்கா.

தேவி

---

கோயம்புத்தூர்
21.5.2024

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடத் தெரியவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் விடுதி வாசலுக்கு ஓடி ஓடிக் கால் தேய்ந்துவிட்டது. மாமாவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காம்மா, வேலையா கீறேன்" என்று வைத்துவிட்டார். நன்றாக இருக்கிற வீட்டில் ஏன் இத்தனை அவசரமாகப் போனை வைக்கிறார்கள்?

மேடம் ஒரே ஒரு வழி சொல்லியிருக்கிறார். செடி பொட்டாஷை அதிகமாகக் கேட்பது காய் பிடித்து நிறைகிற இந்தப் பருவத்தில்தான். இன்றிலிருந்து வெள்ளைக் கொடிப் பாத்திக்கு ஒரு மணிகூடப் போகக்கூடாது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காய்த் தவணை போடவேண்டும். கடைசியில் பஞ்சை அளக்கும்போது இழையில் வித்தியாசம் தெரிந்தால் ஆய்வைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் என் பதிவு ரத்து. இதற்கு மேல் அவகாசம் கிடையாது.

நீ பேசாமல் இருப்பது மேடம் திட்டியதைவிடப் பயமாக இருக்கிறது.

தேவி

---

ஏனாத்தூர்
25.5.2024

தங்கை தேவிக்கு,

நான் இருக்கிறேன். நீ அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தர்மனை ஒரு வார்த்தை சொல்லாதே. அவன் கை சுத்தம். உன் கடிதத்தை அவனிடம் நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். உன் மேடத்திடம் அவன் பெயரைச் சொல்லியிருந்தால் போய் மாற்றிச் சொல்.

வெள்ளைக் கொடிப் பாத்திக்கு இனி ஒன்றும் போகாது. அதற்கு நான் பொறுப்பு.

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது. காய் பிடித்திருக்கிற நேரத்தில் பட்டினி போட்டால் காய் உதிர்ந்துவிடுமா?

கமலவேணி

---

கோயம்புத்தூர்
31.5.2024

என் அருமை அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தர்மன் அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு என் நாக்கில்தான் சூடு போடவேண்டும். நல்லவேளை, அவர் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரக்கக்காரி யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ ஒன்றும் விளக்கம் எழுதவேண்டாம். வீட்டில் ஒருவர் மனசு கேட்காமல் போட்டுவிட்டார் என்று மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, ஆரம்பத்தில் எல்லாப் பாத்திக்கும் கொஞ்சம் கிடைத்தது, காய்ப் பருவத்தில் நான்குக்கு மட்டும் நின்றது என்று அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒளிக்க ஒன்றும் இல்லை. இனி எல்லாம் அந்த நான்கு பாத்தியின் பஞ்சில் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். சில பிஞ்சுகள் உதிரும், ஆனால் பெரும்பாலான காய் செடியிலேயே நிற்கும். அதுதான் ஏமாற்று. வெளியே பார்த்தால் காய் காய் மாதிரியே இருக்கும். உள்ளேதான் வளர்ச்சி நின்றிருக்கும். இழை நிரம்பாது, விதை சப்பையாக இருக்கும். நேரம் வரும்போது சரியாக வெடிக்காது. இலை ஓரம் சிவந்து கருகத் தொடங்கினால் உள்ளே அப்படி ஆகிறது என்று அர்த்தம். தர்மன் அண்ணனைப் பார்த்துச் சொல்லச் சொல்.

இலை சிவந்தால் எனக்கு உடனே எழுது. சந்தோஷப்படுவேன்!

உன் செல்லத் தங்கை
தேவி

---

ஏனாத்தூர்
12.6.2024

தேவிப்ரியாவுக்கு மாமா ஆதிகேசவன் எழுதுவது.

நலமாக இருப்பாய் என நினைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்லலாம் என்று எடுத்து எடுத்து வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்காவுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. முன்பு இரண்டு முறை எல்லோருக்கும் சொல்லி, இரண்டு முறையும் போய்விட்டதால் இந்த முறை வளைகாப்பு வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். உன்னிடமும் சொல்லக்கூடாது என்றாள். உன்னிடம் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகக் கஷ்டம்.

போன வெள்ளிக்கிழமை உதிரம் பட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையின் வாய் இளகியிருக்கிறது, தையல் போடவேண்டும் என்றார்கள், போட்டார்கள். குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது. ஆனால் உறுதி சொல்லமாட்டேன் என்கிறார் டாக்டரம்மா. கட்டிலை விட்டு இறங்கக்கூடாதாம்.

இரண்டாவது குழந்தை போனது உனக்குத் தெரியும். அந்தச் சமயம் எங்கள் பசு கன்று போட்டிருந்தது. பால் அதிகம் கறக்கலாம் என்று நான்தான் கன்றைத் தள்ளிக் கட்டினேன். கன்று இளைத்துச் செத்துவிட்டது. அடுத்த வாரமே இவளுக்கு அப்படி ஆகிவிட்டது. வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு வாயைப் பட்டினி போட்டோம், அந்தப் பசிதான் நம் பிள்ளை மேல் ஏறியது என்று அன்றிலிருந்து நம்புகிறாள். நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். உன் வெள்ளைக் கொடியைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி அந்தப் பயம் வந்துவிட்டது. தர்மன் அளந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போதெல்லாம், மற்ற பாத்திக் கூடைகளிலிருந்து கைக் கையாக எடுத்து அந்த நான்குக்கும் போட்டிருக்கிறாள். நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள்.

நீ நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டாள். பத்துப் பன்னிரண்டு நாளில் உதிரம் பட்டுவிட்டது. இப்போது உன் கடைசிக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துப் படிக்கிறாள். வெளியே காய் மாதிரியே இருக்கும், உள்ளே வளர்ச்சி நின்றிருக்கும் என்று எழுதியிருக்கிறாயாமே. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "உள்ளே இன்னும் வளருதா பாருங்க, உள்ளே வளருதா பாருங்க" என்கிறாள். நேற்று தர்மன் வந்து, வெள்ளைக் கொடிப் பாத்தியில் இலை ஓரம் சிவக்கிறது என்று சொன்னான். அவன் வாயசைவைப் படித்துவிட்டாள். அதிலிருந்து ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை.

உன் படிப்பும் எனக்கு முக்கியம்தாம்மா. உன் அப்பா இடத்தில் நின்று நான்தான் உன்னைச் சேர்த்துவிட்டேன். எதைச் செய் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைப் பயமுறுத்தாமல் ஏதாவது எழுது.

ஆதிகேசவன்

---

கோயம்புத்தூர்
15.6.2024

அக்கா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நான் எழுதியது பருத்திக் காயைப் பற்றி. உன் வயிற்றைப் பற்றி அல்ல. எனக்குத் தெரியாது அக்கா! தெரிந்திருந்தால் அந்தக் கையை வெட்டிக்கொண்டிருப்பேன். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொல் மாமாவிடம்.

தர்மன் அண்ணனைக் கூப்பிட்டு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டச் சொல். மூட்டையில் மிச்சமிருக்கும் பொட்டாஷை, லிட்டருக்கு இருபது கிராம் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிப்பானில் ஊற்றி, வெயில் தாழ்ந்தபிறகு வெள்ளைக் கொடிப் பாத்திகளின் இலை நனையத் தெளிக்கவேண்டும். இந்தப் பருவத்தில் வேர் வழியாகப் போவதைவிட இலை வழியாகச் சீக்கிரம் ஏறும். ஒரு வாரம் விட்டு மறுபடி. காய் நிரம்பிவிடும். ஒரு பாத்தியும் பசியோடு இருக்காது.

என் படிப்பு போனால் போகிறது. மேடத்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஏதாவது கம்பெனியில் உரம் விற்கிற வேலைக்குப் போவேன். உரம் போடாதே என்று ஊரில் யாரிடமும் சொல்லவேண்டியிருக்காது.

பருத்தி பட்டினி கிடந்தால் உன் குழந்தைக்கு ஆபத்து என்பதை நான் நம்பவில்லை. உனக்குத் தையல் போடவேண்டியிருந்தது உடம்பில் உள்ள காரணத்தால். போன இரண்டு முறையும் அதுவாகத்தான் இருக்கும். டாக்டரம்மாவையே கேட்கச் சொல். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்துப் பந்தயம் கட்டு என்றால், உன் பிள்ளையை வைத்து நான் கட்டமாட்டேன். மாமாவின் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் வெள்ளைக் கொடிதான் கண்ணில் நிற்கிறது. எனக்கும் பயமாக இருக்கிறது.

போட்டுவிடு அக்கா.

தேவி

---

கோயம்புத்தூர்
30.7.2024

என் அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? எப்படி இருக்கிறாய்? இதை மட்டும் எழுதி அனுப்பினால்கூடப் போதும் எனக்கு. ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை, வருகிறேன் என்று போனில் சொல்லும்போதெல்லாம் மாமா வேண்டாம் என்கிறார்.

மேடம் இத்தனை நாள் வெளியூரில் இருந்தார், நேற்றுத்தான் திரும்பினார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பதிவை நானே விட்டுக்கொடுத்துவிடலாம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் தர்மன் அண்ணன் எடுத்து அனுப்பிய பஞ்சு சோதனைக்குப் போய், இன்று முடிவும் வந்துவிட்டது. எதற்கும் பார்த்து வைப்போம் என்று வாங்கிப் பார்த்தேன்.

வெள்ளைக் கொடிப் பஞ்சு நான்கிலும் இழை குட்டை. வலு இல்லை. பாதி இழை முதிரவே இல்லை. மகசூலும் குறைவு. சிவப்புக் கொடியில் நீளம், வலு, முதிர்ச்சி மூன்றும் நன்றாக இருக்கிறது. மஞ்சள் இரண்டுக்கும் நடுவில். பாடப் புத்தகத்தில் போடலாம் போன்ற முடிவு. மேடம் வாழ்க்கையில் முதல் முறையாக என் முதுகில் தட்டி, "தப்பிச்சுட்ட போ" என்றார். விடுதியில் இனிப்பு கேட்கிறார்கள்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ தெளிக்கவில்லை. தெளித்திருந்தால் இப்படி வராது. ஏன் தெளிக்கவில்லை? என் கடிதம் கிடைக்கவில்லையா? கிடைத்தபோது தெளிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டதா? 

மாமாவுக்குப் போன் செய்தேன். "அவளே எழுதுவாம்மா, யாரும் இப்ப வர வேணாம்னு சொல்றா" என்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.  உடனே லைன் துண்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

மூன்று வருஷமாக இந்த முடிவுக்குத்தான் சாமி கும்பிட்டேன். இப்போது இது தவறாக இருக்கக்கூடாதா, ஆய்வகத்தில் பையை மாற்றியிருக்கக்கூடாதா என்று கும்பிடுகிறேன். சனிக்கிழமைக்குள் உன் கடிதம் வராவிட்டால் நீ வேண்டாம் என்றாலும் வந்துவிடுவேன்.

தேவி

---

ஏனாத்தூர்
1.8.2024

என் தேவிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. அவசரத் தபாலில் போட உன் மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். குழந்தை இருக்கிறது. உள்ளே உதைக்கிறது. இப்போதுகூட இந்த அட்டையை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

உன் மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் மறுபடி உதிரம் பட்டது. ஸ்கேன் எடுக்கிற நாள் வரை நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது என்று நான்தான் அவர் வாயைக் கட்டினேன். நேற்று எடுத்தார்கள். திரையில் அது ஒரு கையை முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கியதாம். எடை கொஞ்சம் குறைவு என்றார்கள். வெளியே வந்ததும் உன் மாமா பெரிய காஞ்சிபுரம் போய் அம்மன் குங்குமம் வாங்கிவந்தார். வழியில் யாரோ கேட்டதற்கு வெயிலில் கண் கலங்குது என்று சொன்னாராம். நம் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் வெயில்தான் அகப்படுகிறது.

நீ போடு என்று எழுதியது கிடைத்தது. தர்மன் அன்று மாலையே கரைத்து, வடிகட்டி, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். "தெளிச்சுடட்டாம்மா?" என்றான். நான் தலையாட்டவில்லை. போடாதே, போடாதே என்று நீ சொன்னவரைக்கும் எனக்கு அந்தப் பாத்திகளின் முகம்தான் தெரிந்தது. போட்டுவிடு என்று எழுதியதும் உன் முகம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ரேங்க் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எனக்குக் காது கேட்காது என்பதை மறந்து கத்திக்கொண்டே நிற்பாயே, அந்த முகம். அதை எப்படி நான் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பேன்? கையை ஆட்டி அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

போகச் சொன்னபிறகு நான் பெரிய தைரியசாலியாகிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த இலைகள் சிவந்ததை ஜன்னல் வழியாக ஒவ்வொரு நாளும் பார்த்தேன். தெளிக்கச் சொல்லலாமா என்று ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்தது. ஒரு நாள் தர்மனைக் கூப்பிட்டும் விட்டேன். அவன் வருவதற்குள் குடிக்கத் தண்ணீர் கேட்டதாக மாற்றிச் சொன்னேன். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தையல்தான் தாங்குகிறது என்கிறார் டாக்டரம்மா. அவர் சொன்னால் சரிதான். ஆனாலும் உன் அடுத்த சோதனையை வேறு யார் நிலத்திலாவது வைத்துக்கொள் தாயே.

உன் மேடம் தட்டிக்கொடுத்ததற்குச் சந்தோஷம். இனிப்பு வாங்கிக் கொடு. அழுகையை நிறுத்து.

சனிக்கிழமை வா. எப்போது வேண்டுமானாலும் வா. ஆனால் அக்டோபர் முதல் வாரம் கட்டாயம் இருக்கவேண்டும். அது தட்டக்கூடாத கட்டளை. உன் மாமா உள்ளே வரமாட்டார், பயந்த சுபாவம். நர்சுகள் முகத்தை மறைத்துத் துணி கட்டியிருப்பார்கள், அவர்கள் வாயை என்னால் படிக்க முடியாது. நீ என் தலைமாட்டில் நின்று என் முகத்தைப் பார். பிறந்ததும் அது அழுகிறதா இல்லையா என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா
கமலவேணி